சுருதி உடையும் இடம்

பெட்டை வான்கோழியின் கூவலில் இரண்டு சுருதி உண்டு. சீழ்க்கை போல மெல்லியதாகத் தொடங்கும்; பாதியில் உடைந்து கரகரப்பாகத் தணியும். கீ...யோக். கிழக்கு டென்னசி மலைக்காடுகளில் இந்த ஏப்ரல் முழுக்க, சேவலை வரவழைக்க அந்தக் கூவலை எழுப்பும் ஒரு மரப்பெட்டியோடு திரிந்தேன். அந்த உடைவு வருகிறதா என்பதைத் தவிர வேறெதையும் பார்த்து வான்கோழிப் பெட்டி வாங்காதீர்கள் என்றுதான் சொல்லுவேன்.

பெட்டியின் அமைப்பு வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே துடுப்பு மாதிரி ஒரு மூடி, அதைப் பிடித்திருக்கும் ஒரே திருகு, இரு பக்கமும் மெல்லிய பலகை. மூடியின் அடியில் சாக்பீஸ் தடவிப் பலகை விளிம்பில் உரசினால் ஒலி வரும். அர்க்கன்சா மாநிலம் டார்டனெல்லைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. அடிப்படையில் இன்னும் அதேதான்.

அப்படியானால் எங்கே வித்தியாசம்? பலகையின் கனத்தில். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தொழிற்சாலை இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சீவும். வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வேலை செய்கிறவர் கொஞ்சம் சீவுவார், உரசிக் கேட்பார், மறுபடி சீவுவார். சுருதி உடையும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு இழை போனாலும் பலகை வீண்.

ஐந்து வருடம் நான் வைத்திருந்தது கடையில் வாங்கிய பெட்டி. சத்தத்துக்குக் குறைவில்லை, இரண்டு மேடு தாண்டிக் கேட்கும். ஆனால் ஒரே சுருதி. சேவல் பதில் முழக்கம் கொடுக்கும், அறுபது கஜத்தில் வந்து நிற்கும், வாலை விசிறியாக விரித்துக் காட்டும், அப்படியே திரும்பிப் போய்விடும். அதன்மேல் குற்றமில்லை. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் முழங்கும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி, நீ வா என்கிறோம். அதற்கு அந்தக் குரலில் உயிர் இருக்க வேண்டும்.

இப்போதைய பெட்டியைச் செய்தவர் ஊருக்கு வெளியே பேர் தெரியாத தச்சர். வருடத்துக்குச் சில டஜன்தான் செய்கிறார். பக்கங்கள் பாப்லர், மூடி வால்நட். ஒரு பக்கம் இளம் பெட்டையின் குரல். மறுபக்கம் கிழட்டுப் பெட்டையின் கரகரப்பு. உள்ளே பென்சிலால் தேதியும் எண்ணும் எழுதியிருக்கிறது.

இவரைக் கண்டுபிடிப்பதற்கு முன் நான்கு பேரிடம் விசாரித்தேன். என் பெரிய எரிச்சல் இங்கேதான். ஒலியைக் கேட்டால் படம் அனுப்புகிறார்கள்! சுழி விழுந்த மரத்தில் மூடி, அதில் செதுக்கிய சேவல், கண்ணாடி போல வார்னிஷ். ஒலி பிறக்கும் விளிம்பிலும் வார்னிஷ் பூசிய ஒன்றைப் பார்த்தேன். சாக்பீஸ் அங்கே எப்படிப் பிடிக்கும்? மர அழகுக்குப் பணம் கேட்பதில் தவறில்லை, ஆனால் அது அலமாரிக்குப் போகிற பெட்டி. தென் கரோலினாவின் நீல் காஸ்ட்டை இந்தத் தொழிலின் ஸ்ட்ராடிவாரியஸ் என்பார்கள். வயலின் செய்தவர் பெயரை அவருக்குக் கொடுத்தது ஒலிக்காகத்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பக்கப் பலகை என்ன மரம்? நீங்கள் வேட்டைக்குப் போகிறவரா? சுருதி கெட்டால் திருப்பி அனுப்பலாமா? அப்புறம், வெட்டவெளியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் வந்ததும் நண்பரை உரசச் சொல்லி நூறு கஜம் தள்ளி நின்று கேளுங்கள். பக்கத்தில் அசிங்கமாகக் கேட்கிற கரகரப்பு தூரத்தில் அசல் பெட்டையாகிவிடும். பக்கத்தில் இனிமையாக இருப்பது பல நேரம் தூரத்தில் வெறும் கிறீச்சிடல்.

குறையும் உண்டு. ஈரம் பட்டால் பெட்டி ஊமை. இரண்டாம் வாரம் மூன்று நாள் தூறலில் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தபடியே உரசினேன். பள்ளிக்கூட சாக்பீஸைத் தடவாதீர்கள், எண்ணெய் கலக்காத சாக்பீஸ் தனியாகக் கிடைக்கிறது. மூடியின் அடியில் விரலும் படக்கூடாது. முக்கியமாக, அந்தத் திருகைத் தொடாதீர்கள். செய்தவர் காது வைத்து நிறுத்திய இடம் அது. வாங்கியதும் திருகின் தலையிலிருந்து மரம் வரை பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

கடைசி வாரம் ஒரு காலை, ஓக் மரத்தில் முதுகு சாய்த்து, கிழட்டுப் பக்கத்தில் ஐந்து முறை உரசினேன். பள்ளத்திலிருந்து முழக்கம் வந்தது. கை வைக்காமல் காத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து, மார்பில் தொங்கும் தாடி புல்லில் உரச, சேவல் முப்பது கஜத்தில் வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது.

தச்சரிடம் பழைய களஞ்சியத்திலிருந்து பிரித்த அமெரிக்கச் செஸ்ட்நட் பலகை ஒன்று இருக்கிறது. 1904-ல் நியூயார்க்கில் கண்டறிந்த பூஞ்சை நோயில் அந்த மரங்கள் கோடிக்கணக்கில் அழிந்துபோயின. இப்போது பழைய கட்டடங்களிலிருந்துதான் பலகை கிடைக்கிறது. அவரிடம் இருப்பது இரண்டு பெட்டிக்குத் தேறும். ஒன்றுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன்.