பதர் என்ற சொல்லும் உருவகத்தைப் பொருள் கொள்ளும் மனமும்

உவமைக்கும் பொருளுக்கும் வேறுபாடு தோன்றாதவாறு இரண்டையும் ஒன்றாக்கிக் கூறுவது உருவகம். தண்டியலங்காரம் இதனைத் தனி அணியாக வைக்கிறது. மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். சொல் இடம் மாறியதை அவர் கண்டுபிடித்தார், சரி. அவர் மனத்தில் என்ன நடந்தது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

மயிலாடுதுறை வட்டாரத்தில் உதவாத ஆளைப் ‘பதர்’ என்பார்கள். அரிசி பிடிக்காத நெல் பதர். நிறம், உமி, வடிவு எல்லாம் நெல்லைப் போலவே இருக்கும். களத்தில் காற்றுப் பார்த்துத் தூற்றும்போதுதான் மணி நேராக விழும், பதர் தள்ளிப் போய் விழும். இச்சொல்லைக் கேட்பவர் பதரின் நிறத்தையோ நீளத்தையோ அந்த மனிதரிடம் தேடுவதில்லை. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்கிறது தொல்காப்பிய உவமவியல். அவற்றுள் பயனை மட்டும் அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொள்கிறார்.

நேர்ப்பொருள் பொருந்தாது என்று கண்ட பிறகே மனம் உருவகப் பொருளைத் தேடும் என்ற கருத்து நெடுநாள் இருந்தது. சாம் குளக்ஸ்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட சோதனை அதை அசைத்தது. வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘சில வேலைகள் சிறைகள்’ போன்றவற்றைப் பொய் எனச் சொல்லப் பங்கேற்றவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. வேண்டாத இடத்திலும் உருவகப் பொருள் குறுக்கே வந்து நின்றது.

சிறை என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத பொருளாக இருந்தால்? இங்கே தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமமே கூடுதலாக உதவுகிறது. பறவை, விலங்கு, மரம் போன்ற கருப்பொருளை மட்டும் புலவர் சொல்வார். சொல்லாத பொருளைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த நிலத்தை அறியாதவருக்கு அது வெறும் வருணனைதான்.

இன்று அறுவடை இயந்திரமே பதரை ஊதித் தள்ளிவிடுகிறது. தூற்றலைப் பார்க்காத மாணவருக்கும் பதர் என்றால் உதவாதவன் என்று தெரியும்; அது அகராதிப் பொருள். நெல் என்று நம்பி ஏமாந்த கசப்பு அவருக்கு எட்டாது. ‘மடை திறந்தாற்போல் பேசினார்’ என்பதற்கு அந்த நிலை வரவில்லை. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து மடை திறப்பதை வாய்க்கால் கரையில் நின்று பார்த்த பிள்ளைகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.