உவர்நிலத்தின் கடன்

அரபு உரைநடையின் பேராசான் எனப் போற்றப்பெறும் அல்ஜாஹிள் இயற்றிய சிறுநூல்களுள் ‘ஃபக்ருஸ் ஸூதான் அலல் பீளான்’ என்பதும் ஒன்று. வெள்ளையரினும் தாம் மேலானவர் எனக் கறுப்பர் கொள்ளும் பெருமிதத்தை எடுத்துரைப்பது அந்நூல். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பஸரா நகரத்து அறிஞர் ஒருவர் நிறச்செருக்கை மறுத்து நூல் செய்தார் என்பதை நம் மேடைகளிலே எடுத்துக்காட்டி மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. எனினும் நூலைப் போற்றுவதோடு நின்றுவிடாமல் அதனை எடைபோடுவதும் கற்றோர் கடமையாகும்.

லுக்மான் (அலை), பிலால் (ரலி) முதலிய சான்றோரின் பெயர்களை நிரல்படுத்தி, கறுப்பரின் வீரத்தையும் கொடையையும் நாவன்மையையும் ஜாஹிள் புகழ்கிறார். நடை இனிது, நகைச்சுவையும் உண்டு. ஆனால் அரபு மரபில் ‘ஃபக்ர்’ என்பது பெருமை பேசும் துறை. உயர்ந்தவர் யார் என்பதே அத்துறையின் வினா. உழைத்தவனுக்குச் சேர வேண்டியது யாது என்னும் வினா அதனுள் எழ இடமில்லை. நூலின் குறை அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

ஜாஹிள் மறைந்தது ஹிஜ்ரி 255இல். அதே ஹிஜ்ரி ஆண்டில், கி.பி. 869இல், பஸராவை அடுத்த சதுப்பு நிலங்களில் ‘ஸன்ஜ்’ எனப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி 883 வரை நீடித்ததை வரலாற்றாசிரியர் தபரீ விரிவாக எழுதியுள்ளார். அவ்வடிமைகளின் வேலை, நிலத்தின்மேல் படிந்த உவர்மண்ணை வெட்டி அகற்றி அதை விளைநிலமாக்குவது. நூலில் பேசப்பட்ட பெருமை அவர்தம் மண்வெட்டியின் பாரத்தைச் சிறிதும் குறைத்ததில்லை.

மரக்காணத்து உப்பளக்கரையில் வாழ்வோர்க்கு உவர்மண்ணின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர். பாத்தியில் நீர்கட்டி, வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலையில்லை. தூத்துக்குடி உப்பளத்து மக்களின் இத்தகைய பாட்டினை ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலாக்கினார். இம்மரக்காணத்தில்தான் 2013 ஏப்ரல் 25 அன்று சாதிக் கலவரம் மூண்டு, தாழ்த்தப்பட்டோரின் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றி வாசிக்குங்கால் நம் கண் முதலில் இங்கே திரும்ப வேண்டாமா?

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோது ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுன். அத்தொகை உடைமையாளர்களுக்கே சென்றது. விடுதலை பெற்றோர்க்கு ஒரு காசும் இல்லை. கம்பெனி ஆண்ட இந்தியப் பகுதிகளை அச்சட்டம் தீண்டவில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆயின் பண்ணையாளுக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. கடன் என்னும் கயிறு அவனைப் பழைய களத்திலேயே கட்டிவைத்தது.

இதனைக் கண்டு எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர். அவர்தம் 1891ஆம் ஆண்டு அறிக்கையில் இலக்கியச் சுவை ஏதுமில்லை. அதிகாரியின் வறண்ட நடைதான். ஆனால் குடியிருக்கும் மனைக்கட்டு யாருடையது, பண்ணையாளை மீளவொட்டாது தடுக்கும் கடன் எத்தகையது என அது வினவியது. சுவையில் ஜாஹிளை எட்டாத அவ்வறிக்கை வினாவில் அவரை முந்திவிட்டது. அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலங்கள் வழங்க அரசாணை பிறந்தது. பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னரும் பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என நிபந்தனையும் விதிக்கப்பட்டது. ஆயினும் அந்நிலங்களிற் பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. அவற்றை மீட்கக் கோரிய காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபரில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர்.

‘பாட்டன் செய்ததற்குப் பேரன் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்பது இன்று மேற்கிந்தியத் தீவு நாடுகள் ஐரோப்பியரிடம் இழப்பீடு கோரும்போதும், இங்கே பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் எழும் மறுப்பு. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற திருக்குர்ஆனின் நெறியை நம்மவரும் துணைக்கழைக்கக் கூடும். அந்நெறி பாவத்தைப் பற்றியது. கடன் அவ்வாறன்று. இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகள் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது அதே வேதத்தின் சட்டம். ‘கஸ்பு’ எனப்படும் அபகரித்த பொருளை அறியாது விலைக்கு வாங்கியவரும் அதை உரியவரிடம் ஒப்படைத்து, தாம் கொடுத்த விலையை விற்றவரிடமே கேட்க வேண்டும் என ஃபிக்ஹு நூல்கள் கூறும். விடுதலைக்கு ஒப்பந்தம் எழுதும் அடிமைக்கு எசமானரும் பொருள் கொடுத்துதவப் பணிக்கிறது 24ஆம் அத்தியாயம். வெறுங்கையோடு விடுவது முழு விடுதலையாகாது என்பதன்றோ இதன் கருத்து?

இவ்வளவும் கற்றிருந்தும் சவூதி அரேபியாவில் 1962 வரை, மௌரித்தானியாவில் 1981 வரை அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படாதிருந்தது. பிலால் (ரலி) அவர்களின் பாங்கொலியைப் புகழ்ந்து பேசியே அக்கணக்கை மூடிவிட முடியாது.

ஆகவே வாசகர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று. இல்லத்துப் பெட்டியிலுள்ள நிலப்பத்திரத்தை எடுத்து, அதன் மூலத்தைத் தாலுகா அலுவலகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பஞ்சமி நிலமென்று தெரிந்தால் உரியவர் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டா.