தானாக அணையட்டும்

நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறக்க அவசரப்பட மாட்டார். வத்தலக்குண்டில் நான் பார்த்தவர் மறுநாள் வரை அதைத் தொடவே இல்லை. பட்டறை வாசலில் நின்றது என் மைத்துனரின் டீசல் பிக்கப். 2017 கடைசியில் வாங்கியது, மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கீழிருந்து உரமும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வழியாக மன்னவனூர் போகும். மேலிருந்து கேரட்டும் மலைப்பூண்டும் கொண்டுவரும். நாலு மாதமாக அதன் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிவதும் அணைவதுமாக இருந்தது. டிரைவர்கள் அதை 'செக் லைட்' என்பார்கள்.

அதற்கு முன் மூன்று இடங்களில் காட்டியாகிவிட்டது. ஓரிடத்தில் ஸ்கேனரை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள்; மறுவாரமே எரிந்தது. இன்னோரிடத்தில் சென்சார் மாற்றினார்கள். மூன்றாமிடத்தில் டர்போவே போய்விட்டது என்று பெரிய தொகை சொன்னார்கள். மைத்துனருக்குத் தூக்கம் போனது அந்தத் தொகையைக் கேட்டுத்தான்.

வத்தலக்குண்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப எரியுது தம்பி?"

"அப்பப்ப எரியுதுண்ணே."

"அப்பப்பன்னா ஆகாது. ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறும்போதுதான்."

"வெறும் வண்டியா ஏறுனாலும் எரியுதா?"

மைத்துனர் யோசித்தார். நாலு மாதத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. "இல்லண்ணே. லோடு இருந்தாத்தான்."

"எந்த இடத்துல?"

"டம்டம் பாறை தாண்டி. ஊத்து வர்றதுக்குள்ள எரிஞ்சிரும். அதுக்கப்புறம் இழுவையே இருக்காது."

"புகை?"

"கருப்பா வருது."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கச்சேரிகளில் பார்த்திருக்கிறேன், பாடகர் சரியான இடத்தைத் தொட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஆட்டுவது. ஐந்து கேள்வியில் வண்டியின் பாதிப் பிரச்சினை பட்டறைக்குள் வந்துவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு இறங்கும்போது வேலை இல்லை. வெறும் வண்டிக்கு அதிகக் காற்று வேண்டியதில்லை. சுமையும் ஏற்றமும் சேரும்போதுதான் இன்ஜின் கூடுதல் காற்றைக் கேட்கிறது. அப்போது காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கருப்புப் புகையாகிறது.

இந்த விளக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகைமூட்டத்தில் தவித்த கலிஃபோர்னியாதான் 1988 மாடல் வண்டிகளிலிருந்து இதைக் கேட்டது. அமெரிக்கா முழுவதும் 1996 மாடலிலிருந்து ஸ்கேனர் மாட்ட ஒரே மாதிரியான 16 முனைச் சாக்கெட்டும், 'கோடு' எனப்படும் ஒரே மாதிரியான பிழைக் குறியீடுகளும் கட்டாயமாயின. நம் நாடு முழுவதும் பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது 2017 ஏப்ரலில். மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் வண்டிக்குள்ளும் அந்தச் சாக்கெட் வந்தது அப்படித்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் வண்டி போகும், ஆனால் உள்ளே ஏதோ கணக்கு ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

மெக்கானிக் முதலில் சாவியை மட்டும் போட்டார், ஸ்டார்ட் செய்யவில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது சாவி போட்டால் அது எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம் அல்லது மறைத்திருக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஒரு பார்வையை மறக்கக் கூடாது.

பிறகு ஸ்கேனர். பி0299 என்றது. டர்போ தரவேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். மூன்றாம் பட்டறை டர்போவைக் குற்றவாளியாக்கியது இதை வைத்துத்தான். ஆனால் குறை எங்கே தெரிந்தது என்பதை மட்டும்தான் கோடு சொல்லும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் கெட்டிருக்கலாம், நடுவில் பைப்பும் உடைந்திருக்கலாம்.

அவர் கோட்டோடு நிற்கவில்லை. விளக்கு எரிந்த கணத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அதைத் திறந்து, பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொண்டார். இன்ஜின் வேகம் 2,350. வண்டி வேகம் 30. தண்ணீர்ச் சூடு 91 டிகிரி. லோடு 96 சதவீதம். எழுதியதைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் கியர்ல, முழு மிதியில, முக்கி ஏறிக்கிட்டு இருந்திருக்க" என்றார். மைத்துனர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

என் மனத்தை உறுத்தியது ஒன்று. முதல் பட்டறையில் விளக்கை அணைத்தார்களே, அப்போது இருந்த படமும் சேர்ந்து அழிந்துபோனது. சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்தியதற்குச் சமம் அது.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் இன்ஜினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்டு, காற்றழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று படித்தார். 97 கிலோபாஸ்கல். டர்போ சுற்றாதபோது அந்த சென்சார் உணர்வது ஊர்க் காற்றைத்தான். கடல் மட்டத்தில் 101 இருக்கும். வத்தலக்குண்டு கொஞ்சம் மேடு, 97 பொருந்துகிறது. "இதே வண்டிய கொடைக்கானல் ஏரிக்கிட்ட நிறுத்திச் சாவி போட்டா 79 பக்கம் காட்டணும்" என்றார். ஏழாயிரம் அடி உயரத்தையே அளவுகோலாக்கிக்கொண்ட மனிதர்! காசு செலவில்லாத சோதனை. சென்சார் நல்லவன் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"லோடு ஏத்திட்டு வா" என்றார். மறுநாள் 50 கிலோ மூட்டையாக 24 உர மூட்டை ஏற்றினோம். எங்கள் பக்கத்தில் உழவுமாடு பிடிக்கத் தெரிந்த தரகர், மாட்டின் பல்லைப் பார்த்ததோடு விடமாட்டார். பாரவண்டியில் பூட்டி மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். நோய் எங்கே வருகிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கும் இவருக்கும் வித்தியாசம் இல்லை.

காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கினோம். அவர் முன் இருக்கையில், மடியில் ஸ்கேனர். நான் பின்னால் மூட்டை மேல், கேபின் ஜன்னலோரம். திரையில் இரண்டு எண்கள்: இன்ஜின் கேட்கும் அழுத்தம், கிடைக்கும் அழுத்தம். கீழே இரண்டும் கைகோத்து நடந்தன. டம்டம் பாறை தாண்டியதும் கேட்டது 220, கிடைத்தது 190. அடுத்த ஏற்றத்தில் 165. அப்போது அவர் திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தார். வெட்டிய பாறைச் சுவர் நெருங்கி வந்த இடங்களில் மட்டும், வண்டிச் சத்தத்துக்குள்ளே மெல்லிய 'உஸ்' ஒன்று பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் திறந்ததும் அது காணாமல் போனது. எனக்கு அது கேட்டதே அவர் விரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான்.

பட்டறைக்குத் திரும்பி, சூடு தணிந்ததும், அப்போதுதான் பானெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை மேலே பார்க்கவில்லை. அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினார். ஒரு வளைவின் கீழே விரல் நின்றது. எடுத்துக் காட்டினார்: எண்ணெயும் தூசியும் குழைந்த கருப்பு. டர்போ வழியாக வரும் காற்றில் மெல்லிய எண்ணெய் ஆவி கலந்திருக்கும். காற்று கசியும் இடத்தில் எண்ணெய் கசியும், எண்ணெய் இருக்கும் இடத்தில் தூசி ஒட்டும்.

பிவிசி மூடியில் டியூப் வால்வைப் பொருத்தி அவரே செய்த கருவி ஒன்று இருந்தது. அதை ஹோஸில் மாட்டி, மெதுவாக 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றினார். அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்றார். சோப்புத் தண்ணீர் பூசினார். காற்று இல்லாதபோது வெறும் கீறல்கூடத் தெரியாத அந்த வளைவு, அழுத்தம் ஏறியதும் மீன்வாய்போலத் திறந்து குமிழ் கக்கியது. கட்டைவிரல் நக நீள வெடிப்பு. நிறுத்தி வைத்து ஐடிலில் பார்த்த எந்தப் பட்டறைக்கும் இது அகப்பட்டிருக்காது. அழுத்தம் ஏறினால் மட்டுமே வாய் திறக்கும் வெடிப்பு.

ஹோஸ் மாற்றினால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் முடிக்கவில்லை.

"இது ஏன் இந்த எடத்துல கிழியணும்?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மைத்துனரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகமாக. அடியில் தாங்கும் மவுண்ட் ரப்பர் நசுங்கிப் போயிருந்தது. சுமையோடு ஏறும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் சாய்ந்து, அந்த ஹோஸை அதே இடத்தில் இழுத்து இழுத்து வெடிக்க வைத்திருக்கிறது. "ஹோஸ மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல திரும்ப வருவ தம்பி" என்றார். ஒரு ஹோஸ், இரண்டு மவுண்ட். டர்போவில் கை வைக்கவில்லை.

எல்லாம் பூட்டி முடித்த பிறகும் டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும். மைத்துனர் கேட்டார். அவர் ஸ்கேனரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "நான் அணைச்சா அது என் பேச்சு. மூணு தடவ லோடோட ஏறு. கம்ப்யூட்டரே மூணு தடவையும் பார்த்து, குறை இல்லைன்னு தெரிஞ்சா அதுவே அணைக்கும்." தன் வேலைக்கான சான்றிதழைத் தானே எழுதிக்கொள்ள மறுத்த கையை நான் வேறு எந்தத் தொழிலிலும் அதிகம் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நடையிலும் விளக்கு எரிந்தபடியே வண்டி மன்னவனூர் போய்த் திரும்பியது. ஊத்துக்கு முன்னால் இழுவை குறையவில்லை, புகை இல்லை. மூன்றாவது நடையும் முடிந்து, மறுநாள் விடியற்காலை மைத்துனர் சாவி போட்டபோது விளக்கு வழக்கம்போல எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. பெருமாள்மலையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

உங்கள் வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், எந்த இடம், எந்த ஏற்றம், எவ்வளவு லோடு, என்ன கியர் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சாவியைக் கொடுக்கும் முன் அந்தக் காகிதத்தை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்கேனரில் உள்ளதை எழுதிக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள்.