அட்வான்ஸ் அமரும் இடம்

மாடிப் போர்ஷனை முதன்முதலாக வாடகைக்கு விட்டவுடன், கணக்கு எழுத ஒரு மென்பொருளைத் தேடப் புறப்பட்ட நான், வர்ண வர்ணமாகப் படங்கள் காட்டும் பலவற்றைப் பார்த்த பிறகு, ஒன்றின் லட்சணத்தை அறிய ஒரே பரீட்சை போதும் என்ற அபிப்பிராயத்துக்கு வந்தேன். குடிவருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை அது எங்கே வைக்கிறது என்பதே அந்தப் பரீட்சை.

கைக்கு வந்ததெல்லாம் வருமானம் என்று எண்ணுவது மனித சுபாவம். அட்வான்ஸோ, வீடு காலியாகும் நாளில் திருப்பித் தரவேண்டிய பிறர் பொருள். 60,000 ரூபாயைப் பதிந்த கணமே, வங்கி இருப்பு ஒரு பக்கம் உயர, 'பொறுப்புகள்' என்ற தலைப்பின் கீழ் அதே 60,000 மறுபக்கம் வந்து அமரும் அந்தக் காட்சியில், 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் லூக்கா பசியோலி என்ற துறவி விவரித்த இரட்டைப் பதிவு முறையின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வருமான வரியின் பொருட்டு, வாடகையிலிருந்து நாம் கட்டிய சொத்து வரி கழிந்து, மிஞ்சியதில் 100-க்கு 30 பங்கு, உண்மைச் செலவு எவ்வளவானாலும், சட்டப்படி தள்ளுபடியாகிறது. ஆகவே மோட்டார் ரிப்பேருக்குக் கொடுத்த 1,800 ரூபாய் அங்கே தனியாகக் கழியாது. ஆயினும் அதைத் தேதியோடும் ரசீதின் படத்தோடும் குறித்துவைக்க இடம் தரும் மென்பொருளே எனக்கு உவப்பானது. ஏனெனில், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே மனஸ்தாபம் புகாமல் காப்பது, ஞாபகத்தை நம்பாத நேர்மையான கணக்கு ஒன்றுதான்.