மிகைபடக் கூறலும் சிறப்பும்

ஆங்கில உரைநடையின் பெருங்குறை சொற்பெருக்கம் என்பதை அம்மொழி அறிஞரே பலகாலும் எடுத்துரைத்துள்ளனர். பவுலர் உடன்பிறந்தார் 1906இல் வெளியிட்ட 'கிங்ஸ் இங்கிலிஷ்' என்னும் நூலும், அரசு அலுவலர்க்கென எர்னஸ்ட் கவர்ஸ் எழுதி 1948இல் வெளிவந்த 'பிளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூலும் அதனைக் கடிந்தன. தமிழில் தொல்காப்பிய மரபியல் சுட்டிய இக்குற்றத்தை 13ஆம் நூற்றாண்டு நன்னூலும் 'மிகைபடக் கூறல்' எனப் பத்துக் குற்றத்துள் வைத்தது. நன்னூலாரின் சனகை, பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு நாட்டு வழக்கு.

எனினும், ஒரு பொருளை இருசொல்லாற் கூறுவதெல்லாம் குற்றமாமோ எனின், ஆகாது. ஆங்கிலச் சட்டநடையில் 'வில் அண்டு டெஸ்டமெண்டு' என்பது இணைமொழி. முன்னது ஆங்கிலத்திற்குரியது, பின்னது இலத்தீன் வழியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் மும்மொழி வழங்கிய சூழலில், இத்தகைய இணைகள் சில, ஒருமொழி அறியார்க்கு மற்றொன்று பொருள் விளக்கப் பயன்பட்டிருக்கலாம். கோவை வீதிகளிற் கேட்கும் 'கேட்டு வாசல்', 'நடு சென்டர்' என்பனவும் இவ்வகையினவே. இன்று அவ்விளக்கம் வேண்டப்படாமையின் இரண்டாம் சொல் வெறும் சுமையாயிற்று.

நன்னூலார் ஒருபொருட் பன்மொழியை உடன்படுங்கால் 'சிறப்பு' என்னும் வரையறை இடுகின்றார். 'மீமிசை' என்புழி அடுக்கு உயரத்தை மிகுவித்தலின் அது குற்றமன்று. ஆகவே அளக்கற்பாலது சொல்லின் தொகையன்று, அது செய்யும் தொழிலே என்க.

இவ்வளவுகோலை நம் ஆய்வேடுகளின்மேல் வைத்தல் நன்று. 'ஆராய்ந்தார்' என அமைவதனை 'ஆய்வினை மேற்கொண்டார்' என்றும், 'விளக்குகின்றார்' என்பதனை 'விளக்கத்தினை அளிக்கின்றார்' என்றும் எழுதுகின்றோம். ஆங்கிலத் தொடரமைப்பின் நிழல் இது. வினை பெயராகிப் பொருளை ஏந்த, பின்வரும் வினை வறிதே நிற்கின்றது. 'கள ஆய்வு மேற்கொண்டார்' என்பதோ வேறு. ஆண்டுப் பெயர் ஆய்வின் வகையைச் சுட்டுதலின் அது வேண்டுவதே. இவ்வேறுபாடு அறியாது நீளமே புலமை எனக் கொள்ளும் மாணவர், தாம் கண்ட உண்மையைத் தம் சொற்களுக்குள்ளேயே இழப்பர்.

பத்து அழகினுள் சுருங்கச் சொல்லலை அடுத்தே விளங்க வைத்தல் நிற்கின்றது. பத்துக் குற்றத்துள் மிகைபடக் கூறலுக்கு முன்னே குன்றக் கூறல் நிற்கின்றது. சுருக்கம் விளக்கத்தை விழுங்குதல் ஆகாது என்பதே இம்முறைவைப்பிற் கொள்ளத்தகும் பொருள்.