தலையணை சைஸ்

என் அத்தை ‘பொன்னியின் செல்வன்’ எத்தனை முறை படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்தது இரண்டே முறைதான். ஐந்தாம் பாகத்தில் ஓரிடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மறுபடி முதல் பாகத்து வீரநாராயண ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். “ஏன் அத்தை, இன்னும் கொஞ்சம்தானே இருக்கு?” என்று கேட்டால், “முடிச்சுட்டா அப்புறம் அவங்கள்லாம் எங்கடா போவாங்க?” என்பாள்.

அவளிடம் இருந்தது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மாயவரத்தில் யாரிடமோ கொடுத்துக் காலிகோ போட்டு பைண்டு செய்த ஐந்து தொகுதிகள். மணியத்தின் படங்கள் இருக்கும். ஓரங்களில் வேறு யாருடைய கதையின் வாலோ, ஒரு சிரிப்புத் துணுக்கோ, தலைவலி மருந்து விளம்பரமோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நடுவில் ஒரு வாரம் மட்டும் இல்லை. வீட்டில் ஏதோ ஒரு குழந்தை பின்பக்கத்துப் படத்துக்காகக் கத்தரித்துவிட்டதாம். அந்த இடம் வந்தால் அத்தை வாயால் சொல்லி நிரப்புவாள். பிற்பாடு அச்சுப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். அத்தை சொன்ன கதை அதில் இல்லை. அவள் சொன்னது கொஞ்சம் மேலாகக்கூட இருந்தது.

பெரிய புத்தகங்களைப் பற்றி நமக்கு முதலில் தோன்றுவது பயம். புத்தகக் காட்சியில் ஒன்றைக் கையில் எடுக்கிறோம். எடை பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கிப் பார்க்கிறோம். கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கிறோம். ‘தலையணை சைஸ்’ என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறோம். அந்தச் சொல்லில் கேலியும் உண்டு, மரியாதையும் உண்டு. பயத்தை மீறி வாங்கிவிட்டால் அடுத்து வருவது குற்ற உணர்வு. அலமாரியில் நின்றபடி அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதையும் மீறிப் படித்து முடித்தவர்களுக்கு ஒரு கர்வம் வரும். சபரிமலைக்குப் போய் வந்தவர் எத்தனையாவது மலை என்று சொல்வதுபோல், பேச்சுக்கு நடுவே அதை ஒரு முறையாவது சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்த மூன்றும் வெளிப்பூச்சுதான். அத்தையின் உணர்வு வேறு. முடிந்துவிடுமே என்ற கலக்கம் அது. இருநூறு பக்க நாவல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கலக்கம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதுதான் என்னை நீண்ட நாளாகப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி.

கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். மூன்றரை ஆண்டுகள். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ ஓடிக்கொண்டிருந்தபோது சென்னை மாகாணத்தில் குமாரசாமி ராஜா முதல்வர். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் வந்து போனது. ராஜாஜி முதல்வரானார். ஆந்திரா பிரிந்து தனி மாநிலமானது. ராஜாஜி இறங்கிக் காமராஜர் வந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் கதை முடிந்தது. கதைக்குள்ளே பார்த்தால், ஆடிப் பெருக்கன்று குதிரையில் வந்த நாயகன் வந்தியத்தேவனுக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. படித்தவர்களுக்கு இடையில் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, தாத்தா போனார். வந்தியத்தேவன் மட்டும் அதே வயதில் அதே குதிரையில் இருந்தான். அவன் நின்றபோது ஒரு கதை முடிந்ததாக அவர்கள் எண்ணவில்லை. தங்கள் வாழ்க்கையில் ஒரு பருவத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் கேட்க, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்குப் பின்னால் என்னென்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவரே போய்விட்டார்.

தொடராக வந்ததன் தழும்புகள் அந்த நாவலில் உண்டு. ஒரே மூச்சில் படித்தால் தெரிந்துவிடும். கதவு திறக்கும், ஓர் உருவம் நிற்கும், அத்தியாயம் முடியும். அடுத்த அத்தியாயத்தில் அந்த உருவம் நமக்குத் தெரிந்தவராகவே இருக்கும். வாரம் முழுக்கக் காத்திருந்தவருக்கு அது விருந்து. சனிக்கிழமை மதியம் சாய்வு நாற்காலியில் பத்து அத்தியாயம் படிப்பவருக்கு ஏழாவது கதவிலேயே சலித்துவிடும். ஆனால் இன்னொன்றும் அதில் இருக்கிறது; வேகத்தில் அதைத் தவறவிடுகிறோம். முதல் பாகத்தில் வந்தியத்தேவன் நண்பன் கந்தமாறனுடைய கடம்பூர் மாளிகையில் ஓர் இரவு தங்குகிறான்; பழுவேட்டரையரும் மற்றவர்களும் கூடிப் பேசும் சதியைக் கேட்டுவிடுகிறான். நமக்கு அது ஒரு சாகச இரவு, அவ்வளவுதான். அங்கிருந்து குடந்தை, தஞ்சை, கோடிக்கரை, ஈழம் என்று எங்கெங்கோ போய்விடுகிறோம். கடம்பூரை மறந்தே போகிறோம். எத்தனையோ நூறு பக்கம் தள்ளி, இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிரை விடுவது அதே கடம்பூர் மாளிகையில். அங்கே திரும்பி நுழையும்போது, ‘இந்த வீட்டுக்கு நாம் முன்பே வந்திருக்கிறோமே’ என்று ஒரு நடுக்கம் வருகிறது பாருங்கள், அதைச் சிறிய நாவலால் தர முடியாது. சிறிய நாவலில் அந்த வீடு நமக்கு மறந்திருக்காது. மறந்ததைத்தானே நினைவுக்குக் கொண்டுவர முடியும்?

நீளம் என்பது பக்கக் கணக்கு இல்லை என்று இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. வாசகனை மறக்க வைப்பதற்காக எழுத்தாளன் கையாளும் கருவி அது.

அந்தக் கருவியைக் கையாண்டவர்களில் டால்ஸ்டாய்க்கு மேல் ஒருவரை நான் பார்த்ததில்லை. ‘போரும் அமைதியும்’ நமக்குப் பல காலம் ‘போரும் வாழ்வும்’ ஆகத்தான் இருந்தது. தினமணியின் முதல் ஆசிரியராக இருந்த டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்து வைத்த பெயர் அது. மூலத்தலைப்பின் அகராதிப் பொருளுக்கு அது பொருந்தாது என்பார்கள். ஆனால் புத்தகத்துக்குப் பொருந்துகிறது. உள்ளே போர் நடக்காத பக்கங்களில் அமைதி எங்கே இருக்கிறது? கடன், கல்யாணம், சூதாட்டம், பிரசவம், சொத்துத் தகராறு. வாழ்வுதான்.

அந்த நாவல் 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் வரவேற்பறையில் தொடங்குகிறது. முதல் ஐம்பது பக்கம் நம்மைப் படுத்திவிடும். ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். தகப்பன் பெயரோடு சேர்த்து ஒன்று, வீட்டில் செல்லமாக ஒன்று, பட்டத்தோடு ஒன்று. நான் ஒரு தாளில் வம்சாவளி எழுதி உள்ளே செருகி வைத்துக்கொண்டு படித்தேன். அந்தக் கூட்டத்தில் இளவரசர் ஆந்திரேயின் இளம் மனைவி லிஸா வருகிறாள். கர்ப்பிணி. அவளைப் பற்றி டால்ஸ்டாய் முதலில் சொல்வது அவளுடைய மேலுதட்டை. லேசான பூனைமுடி படர்ந்த, கொஞ்சம் குட்டையான உதடு. பல்லை முழுசாக மூடாது. அதுவே அவளுக்கு ஓர் அழகு. அவள் வரும்போதெல்லாம் அந்த உதட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ‘போதுமய்யா’ என்று இருக்கும்.

பிறகு அவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். கணவன் அவளிடம் அத்தனை பிரியமாக இருந்தவன் இல்லை. கதை எங்கெங்கோ போகிறது. கொஞ்ச காலம் கழித்து அவளுடைய கல்லறையில் வைத்த பளிங்கு தேவதைச் சிலை வருகிறது. அந்தச் சிலையின் மேலுதடு புன்னகைக்கப் போவதுபோல் இம்மி தூக்கியிருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம். அதையும் கடந்துவிடுகிறோம். நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்த 1812க்கு வரும்போது, அவள் விட்டுப்போன குழந்தை ஆறு வயதுப் பையனாகி நிற்கிறான். அவன் சிரிக்கிறான். சிரிக்கும்போது மேலுதடு அம்மாவுடையதைப்போலவே மேலே போகிறது.

அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். டால்ஸ்டாய் எதையும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. அந்த உதடு எனக்குத் தெரியும். அதை நான் ஏதோ ஒரு நாவலில் படித்ததாகத் தோன்றவில்லை, எப்போதோ ஒரு விருந்தில் நேரில் பார்த்ததாகத் தோன்றியது. சித்தப்பா மகன் ஒருவன் தலையைச் சொறியும் விதத்தில் இறந்துபோன தாத்தாவைத் திடீரென்று பார்ப்போமே, அப்படி. இதே மூன்று உதட்டையும் பத்துப் பக்கச் சிறுகதையில் வைத்தால் நுட்பமான உத்தி என்று பாராட்டிவிட்டுப் போவோம். இடையில் அறுநூறு எழுநூறு பக்கமும், நம் வாழ்க்கையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கடந்திருப்பதால் அது உத்தியாகத் தெரிவதில்லை. மாவடு ஊறியிருக்கிறது.

இதை எழுதிய மனிதர் ஏறத்தாழ ஆறு ஆண்டு உட்கார்ந்து எழுதினார். அவருடைய கிறுக்கலான கையெழுத்தைப் புரிந்துகொண்டு, அவர் அடித்துத் திருத்தத் திருத்தத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் மனைவி சோஃபியா. தலையணைப் புத்தகம் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது அந்த அம்மாளை நினைத்துக்கொள்ளலாம்.

நாவலின் முடிவுக்கு வருவோம், வாசகர்கள் அதிகம் கோபித்துக்கொள்ளும் இடம் அது. நாயகி நட்டாஷாவை முதன்முதலில் பார்க்கும்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் பாவாடை மடிப்பில் ஒரு பொம்மையை ஒளித்துக்கொண்டு ஓடிவருகிறாள். பாடுகிறாள், ஆடுகிறாள், காதலிக்கிறாள், தவறு செய்கிறாள், நோயில் விழுகிறாள். படிக்கிற ஆண்களில் பாதிப் பேருக்கு அவள்மேல் காதல். கடைசியில், 1820இல், அவள் நாலு பிள்ளைகளுக்குத் தாய். உடம்பு பருத்துவிட்டது. தலை வாருவதில்லை. பாட்டை விட்டுவிட்டாள். குழந்தையின் அணையாடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கறை பச்சையாக இல்லை, மஞ்சளாக ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சியோடு காட்டுகிறாள். ‘இதற்கா ஆயிரத்து முந்நூறு பக்கம் படித்தேன்?’ என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்தார். எனக்கு அது உலக இலக்கியத்தின் மிகத் துணிச்சலான பக்கங்களில் ஒன்று. ஓடிவந்த சிறுமியையும் அணையாடையோடு நிற்கும் தாயையும் அடுத்தடுத்து வைத்தால் அது வெறும் கேலி. இரண்டுக்கும் நடுவே பதினைந்து வருஷம் டால்ஸ்டாய் நம்மை நடக்க வைத்திருக்கிறார். பள்ளித் தோழி ஒருத்தியை இருபது வருடம் கழித்துக் காய்கறிக் கடையில் பார்க்கும் அதே திகைப்பு. அதில் வருத்தமும் இருக்கிறது. ‘நல்லாத்தான் இருக்கா’ என்ற நிம்மதியும் இருக்கிறது.

அதற்காக நீளமெல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே நாவலின் கடைசியில் வரலாறு எப்படி நகர்கிறது என்று டால்ஸ்டாய் நடத்தும் பிரசங்கத்தை ஒவ்வொரு முறையும் தாண்டித்தான் போகிறேன். தமிழிலும் அண்மைக் காலத்தில் குண்டுக் குண்டாக நாவல்கள் வருகின்றன. சிலவற்றில் ஆசிரியர் சேகரித்த கல்வெட்டும் கள ஆய்வும் வழக்காறும் ஆய்வேட்டில் இருந்தபடியே உள்ளே கொட்டிக் கிடக்கின்றன. அது கொழுப்பு. வளர்த்தி வேறு, வீக்கம் வேறு. நடுவில் நூறு பக்கத்தைப் பிய்த்துவிட்டு முடிவைப் படித்துப் பார்க்க வேண்டும். முடிவு வலிக்காமல் போனால் அந்த நூறு பக்கம் தேவைப்பட்ட பக்கம். முன்போலவே வலித்தால் அது தாள் விரயம். இந்தச் சோதனையில் கதைக்கு உதவாத பக்கங்கள்கூடத் தேறிவிடும் என்பதுதான் வேடிக்கை. ‘போரும் அமைதியும்’ நாவலில் ஓநாய் வேட்டை முடிந்து ஒரு கிராமத்து வீட்டில் நட்டாஷா நாட்டுப்புற ஆட்டம் ஆடுகிறாளே, அதனால் கதை ஓர் அடி நகராது. அதை எடுத்துவிட்டால், பின்னால் பாட்டை விட்டுவிட்ட அந்தப் பெண்ணை யார் என்றே நமக்குத் தெரியாது. சுருக்கப் பதிப்புக்காரர்கள் முதலில் கத்தரி வைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இன்னொரு சின்ன விஷயம். காகிதப் புத்தகத்தில் வலக்கைக் கனம் குறைந்து இடக்கைக் கனம் ஏறும். அத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தது விரலின் கணக்கில். கைக்கருவியில் படித்தால் எழுபத்திரண்டு சதவீதம் என்று காட்டுகிறது. பிரிவு நெருங்குவதை எண்ணாகச் சொன்னால் மனம் அதை ஏற்பதில்லை. ஆனால் மணிக்கட்டு வலிக்கிறது என்பதால் இப்போது நானும் கைக்கருவிக்கு மாறிவிட்டேன்.

நம் காலத்தில் இப்படி வருஷக்கணக்கில் ஒரு பெரிய கதையைத் தொடராக எழுதும் காரியத்தை யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி மகாபாரதத்தை நாளுக்கு ஓர் அத்தியாயமாக ‘வெண்முரசு’ என்று எழுதத் தொடங்கினார். 2020 ஜூலையில் முடித்தபோது இருபத்தாறு நாவல்கள், இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். காலையில் காபிக்கு முன் அன்றைய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போன பலரை எனக்குத் தெரியும். போர் முடிந்து கதை வடியத் தொடங்கியபோது அவர்கள் பேச்சில் அத்தையின் குரல் கேட்டது. நான் அவர்களோடு சேர்ந்து ஓட முடியாமல் பின்தங்கிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். இப்போது ‘சொல்வளர்காடு’. பதினொன்றாவது. பாண்டவர்கள் இப்போதுதான் வனத்துக்குள் போயிருக்கிறார்கள்.