திறக்க முடிகிற மறைப்பு

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காடு போகிறவர்களுக்குக் குப்பனூர்தான் மலையடிவாரம். அதைத் தாண்டினால் வளைவுகள். மேலே காப்பித் தோட்டங்கள், நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடி. கோடை விழாவின் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் கையில் ஒன்றிரண்டு நாற்றுப் பைகளாவது இருக்கும். அந்தச் செடிகளை எங்கே வைப்பது என்று பொடக்காலிக்கு, அதாவது வீட்டுக் கொல்லைக்குப் போனால், வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறக் கான்கிரீட் மூடி. செப்டிக் டேங்க் மூடி.

அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஊராட்சிப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு தனித் தொட்டி. அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளித் தோண்ட வேண்டும், கிணறு, போர்வெல் பக்கம் வரக் கூடாது, கழிவு லாரியின் குழாயும் எட்ட வேண்டும். இத்தனையும் பார்த்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் கொல்லையின் நட்டநடுப் பகுதிதான்.

பலர் செய்யும் மறைப்பு, மூடியின்மேல் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுவது. முதல் நாள் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியின் அடியில் தங்கும் கசடை எடுத்தாக வேண்டும். அன்றைக்கு மூடி எங்கே என்று கடப்பாரையால் தட்டிப் பார்த்து, ஒட்டிய டைல்ஸை உடைப்பார்கள். உடைப்பதில் நேரம் போவதைவிட மோசம், கலங்கிய நேரத்தில் யாராவது உள்ளே எட்டிப் பார்ப்பது. மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கிய தொட்டி அது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மேலே நின்றபடியே குழாயை இறக்க வேண்டும் என்றால், மூடி முழுதாக, சிரமமில்லாமல் திறக்க வேண்டும். ஆகவே இந்த மறைக்கும் கலையில் முதல் மதிப்பெண் அழகுக்கு அல்ல, திறப்புக்கு.

மறைத்தும் திறப்பை விட்டும் கட்டுவதை நம் ஊரில் மிகத் துணிச்சலாகச் செய்து காட்டிய இடம் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே கோயில் வளாகத்தில் உள்ள சிங்கக் கிணற்றுக்கு இறங்கும் வழி, செங்கல்லும் சுதையுமாக எழுப்பிய ஒரு பெரிய சிங்கத்தின் உடலுக்குள் போகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குப் பிடரி தெரியும், உட்கார்ந்திருக்கும் தோரணை தெரியும், படிக்கட்டு தெரியாது. கிட்டே போனால் உடலிலேயே வாசல், உள்ளே படிகள், கீழே தண்ணீர். சோழ மன்னன் இராஜேந்திரன் கொண்டுவந்த கங்கை நீரை இதில் ஊற்றியதாக ஊரில் சொல்வார்கள். இன்று நாம் பார்க்கும் சிங்கம் சோழர் காலத்தது அல்ல, 19-ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீன்தார் எழுப்பியது. அந்தக் கொத்தனார்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கிணற்றுப் படிக்குப் பந்தல் போட்டிருக்கலாம், நான்கு சுவர் கட்டியிருக்கலாம். அவர்கள் சிங்கத்தைக் கட்டினார்கள். ஆனால் வாசலை ஆள் நுழையும் அளவுக்கு விட்டுத்தான் கட்டினார்கள்.

சோழர் கோயில்கள் பலவற்றில் கருவறை அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியைப் பூதகணம் ஒன்று தாங்கி நிற்பதும் இதே மரபுதான். ஜப்பானியர்கள் நம் காலத்தில் இதை நகரம் நகரமாகச் செய்கிறார்கள்: நாஹா நகரம் 1977-இல் மேன்ஹோல் மூடியில் மீன் கூட்டத்தை வார்த்தது, ஒசாகாவின் மூடிகளில் கோட்டையும் செர்ரிப் பூவும். 2016 முதல் அந்த மூடிகளின் படம் போட்ட அட்டைகளைச் சேகரிக்கவே ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொல்லையில் சிங்கம் கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை. மூடியையே ஒரு தட்டாக மாற்றிவிடலாம். விளிம்பு உயர்த்தி, நடுவில் குழி விட்ட மூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. குழிக்குள் டைல்ஸ் பதிக்கலாம், செடியும் வைக்கலாம். இங்கேதான் கணக்குத் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிகிறார்கள். இரண்டடிச் சதுரம், இரண்டங்குலக் கனம் உள்ள கான்கிரீட் மூடியே நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதன்மேல் நான்கங்குலத்துக்குத் தோட்டத்து மண் கொட்டினால் இன்னும் ஐம்பது, அறுபது கிலோ. மழை பெய்தால் அதற்கும் மேல். இரண்டு பேர் சேர்ந்தாலும் எளிதில் அசையாது. மூடி ஃபைபரில், மண்ணுக்குப் பதில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவு, ஆழம் மூன்றங்குலம் என்று வைத்துக்கொண்டால் தட்டு கைக்கு அடங்குகிறது. அந்த ஆழத்துக்குப் பொருத்தமான செடி டேபிள் ரோஸ். தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது, வெயில் ஏற ஏறப் பூக்கும். விளிம்பில் கற்பூரவல்லி வைத்தால் தொங்கி வளர்ந்து சட்டத்தை மறைக்கும். முருங்கை, தென்னை, ஆல், அரசு எதுவும் தொட்டி அருகே கூடாது. ஈரத்தைத் தேடி வரும் வேர் சுவரில் விரிசல் காணும்.

செடி வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடப்பைக்கல் இருக்கிறது. மூடியைச் சுற்றிலும் அதே கல்லில் தளம் போட்டு, மூடிக்கு நேர்மேல் வரும் பலகையை மட்டும் காரை பூசாமல் விட்டால், எது தளம் எது மூடி என்று வந்தவருக்குத் தெரியாது. இரண்டடிப் பலகையை ஒரே கல்லாக வைக்காமல் இரண்டாக அறுத்து வைப்பது கைதேர்ந்தவர் வேலை. ஒவ்வொன்றும் இருபது கிலோ அளவில் நின்றுவிடும். ஒவ்வொரு துண்டிலும் கொக்கி நுழைய ஒரு துளை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமென்ட் அல்ல, சலித்த மணல். கல்லுக்கு அடியில் உண்மையான மூடி ரப்பர் வளையத்தோடு இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடுக்கு வழியே கொசு வரும்.

காற்றுப்போக்கிக் குழாயை மட்டும் யாரும் மறைக்கக் கூடாது. அதன் தலை வீட்டுக் கூரைக்கு மேலே நிற்க வேண்டும், வாயில் வலை கட்டியிருக்க வேண்டும். உறுத்தினால் சுவரின் நிறத்தையே அதற்கும் பூசலாம், அடியில் சங்குப்பூக் கொடி ஏற்றலாம்; கொடி வலையை எட்டுமுன் நறுக்கிவிட வேண்டும். மூடியின்மேல் துளசி மாடம் வைக்கவும் சிலருக்குத் தோன்றலாம். லாரி வரும் நாளில் மாடத்தை நகர்த்த யாருக்கும் மனம் வராது. அதனால் மாடத்தைப் பக்கத்தில் கட்டி, அதைச் சுற்றி இடும் கோலத்தை மூடிவரை நீட்டிக்கொள்வதுதான் நல்ல ஏற்பாடு. மூடியின் நான்கு ஓரங்களும் கோலத்தின் கட்டங்களாகிவிடும்; மறுநாள் திறக்க வேண்டி வந்தால் அழிவது மாவு மட்டுமே.